கியோட்டோ ஹெய்யான் ஜிங்கு: தோரி வாசலிலிருந்து கிழக்குத் தோட்டம் வரை, எதை எந்த வரிசையில் செய்வது

ஜப்பானுக்கு வரும் உறவினர்களையும் நண்பர்களையும் கியோட்டோவுக்கு அழைத்துப் போகும் வேலை எப்போதும் என் தலையில்தான் விழும். அதில் ஹெய்யான் ஜிங்கு என்ற ஷிந்தோ (ஜப்பானின் பாரம்பரியச் சமயம்) ஆலயத்துக்கு மட்டும் எத்தனை முறை போயிருப்பேன் என்பது மறந்துவிட்டது. வந்தவர்கள் தடுமாறிய இடங்கள் மறக்கவில்லை. பெரும்பாலும் ஒரே தவறுதான்: வரிசையை மாற்றிவிடுவார்கள். முற்றத்தில் படம் எடுத்து, தாயத்துக் கடையில் நின்று, கடைசியில் தோட்டத்து வாசலுக்குப் போகும்போது டிக்கெட் கொடுப்பதை நிறுத்தியிருப்பார்கள். வணக்கம், தோட்டம், கவுண்டர். இந்த வரிசையில் போனால் இரண்டரை மணி நேரத்தில் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

1. நாளும் நேரமும்

வளாகம் காலை 6 மணிக்கே திறந்துவிடும், கட்டணம் இல்லை. தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட் உண்டு. அது 8:30-க்குத் திறக்கும். மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் இறுதி வரை மாலை 5:30 வரையும், குளிர்காலத்தில் 4:30 வரையும் திறந்திருக்கும். உள்ளே விடுவதை அரை மணி முன்னதாகவே நிறுத்திவிடுவார்கள். நான் கடைசியாகப் போனபோது பெரியவர்களுக்கு 600 யென். விலையும் நேரமும் மாறக்கூடியவை என்பதால், கிளம்புவதற்கு முன் ஜிங்குவின் சொந்த இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கணக்கு இது: காலை 8 மணிக்கு வளாகத்துக்குள் இருங்கள். 8:20-க்குள் வணங்கி முடியுங்கள். தோட்டம் திறக்கும் முதல் நிமிடத்தில் உள்ளே போங்கள். சுற்றுலாப் பேருந்துகள் பெரும்பாலும் 9:30-க்கு மேல்தான் வந்து சேரும். அதற்குள் தோட்டத்தின் குறுகலான பகுதிகளை நீங்கள் கடந்திருப்பீர்கள்.

எந்த மாதம் என்பதைத் தோட்டம்தான் தீர்மானிக்கிறது. ஏப்ரல் முதல் பாதியில் கிளை தொங்கும் செந்நிறச் செர்ரி பூக்கும். ஊரெங்கும் இருக்கும் வெளிர்நிறச் செர்ரியைவிட இது சில நாள் தாமதம். ஜூன் முதல் இரண்டு வாரங்கள் ஐரிஸ் பூவுக்கு. மே தொடங்கிச் செப்டம்பர் வரை குளங்களில் அல்லி இருக்கும். இலையுதிர்கால மேப்பிள் சிவப்பைப் பார்க்கத்தான் நவம்பரில் வருகிறீர்கள் என்றால் இங்கே வர வேண்டாம். இங்கே மேப்பிள் குறைவு. நடக்கும் தொலைவில் இருக்கும் பௌத்தக் கோயில்களான எய்கான்தோவுக்கும் நான்சென்ஜிக்கும் போங்கள். அக்டோபர் 22-ஆம் தேதியையும் தவிர்த்துவிடுங்கள். அன்று ஜிதாய் விழா ஊர்வலம் இங்கேதான் வந்து முடியும். ஊர்வலம் பார்க்க அருமையான நாள், தோட்டம் பார்க்க மோசமான நாள்.

2. கையில் என்ன இருக்க வேண்டும்

நாணயம். ஆளுக்கு இரண்டு 5 யென் நாணயமாவது முந்தின நாளே கடையில் சில்லறையாக வாங்கி வையுங்கள். நடுவில் துளையிட்ட, பித்தளை நிற நாணயம் அது. ஜப்பானிய மொழியில் ஐந்து யென் என்பதும் நல்ல உறவு அமைவது என்பதும் 'கோ-என்' என்று ஒரே மாதிரி ஒலிக்கும் என்பதால் அதைக் காணிக்கையாகப் போடுகிறார்கள். கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் பணப்பையில் 10,000 யென் தாள் மட்டும் இருக்க, காணிக்கைப் பெட்டி முன் விழித்துக்கொண்டு நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு சிறு கைக்குட்டை. கை கழுவும் இடத்தில் துடைக்கத் துணியோ காகிதமோ வைத்திருக்க மாட்டார்கள்.

மூடிய, பிடிமானமுள்ள காலணி. முற்றம் முழுவதும் வெண் சரளை, தோட்டத்தில் மண்பாதை, குளத்தில் வழுக்கும் கற்கள். சக்கரம் வைத்த பெட்டியைக் கொண்டுவரவே வேண்டாம். சரளையில் சக்கரம் புதைந்து நின்றுவிடும். விடுதியிலோ கியோட்டோ ரயில் நிலைய லாக்கரிலோ வைத்துவிட்டு வாருங்கள். குழந்தை வண்டிக்கும் இதே சிக்கல் உண்டு, தூக்கிக்கொள்ளும் பை நல்லது.

வயிற்றையும் கவனித்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. சைவம் சாப்பிடுபவர்கள் காலை உணவை விடுதியிலேயே முடிப்பது உத்தமம். அக்கம்பக்கத்து ஊதோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ்) கடைகளில் காய்கறி மட்டும் போட்ட கிண்ணத்தில்கூடக் குழம்பு மீன் சாற்றில் செய்ததாகத்தான் இருக்கும்.

3. போய்ச் சேர்வது

பஸ்ஸை நம்பாதீர்கள். கியோட்டோ நிலையத்திலிருந்து 5-ஆம் எண் நகரப் பேருந்து கிட்டத்தட்ட வாசலிலேயே இறக்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் பூக்காலத்தில் அது நிறுத்தத்துக்கு நிறுத்தம் நெரிசலில் நகரும். சுரங்க ரயிலில் கராசுமா பாதையில் ஏறிக் கராசுமா ஓய்க்கேயில் தோசாய் பாதைக்கு மாறி ஹிகாஷியாமாவில் இறங்குங்கள். அங்கிருந்து பத்து நிமிட நடை.

இந்த நடையை ஜிங்கு-மிச்சி என்ற தெரு வழியாக அமைத்துக்கொள்ளுங்கள். அது தெற்கிலிருந்து நேராக வாசலுக்கு வரும். வழியில் சாலைக்குக் குறுக்கே செந்நிறத்தில் 24.4 மீட்டர் உயரமுள்ள தோரி என்ற ஆலய நுழைவாசல் நிற்கிறது. 1929-இல் எழுப்பியது. கார்கள் அதன் அடியில் ஓடும். பக்கவாட்டுத் தெரு வழியாக நுழைந்தால் இதைத் தவறவிட்டு, கட்டடங்களின் ஓரத்தில் போய் நிற்பீர்கள்.

4. தோரியும் ஓதென்மோன் வாசலும்

தோரி என்பது எல்லைக் குறி. அதற்கு அப்பால் இருப்பது தெய்வத்தின் இடம். அதனால் கடப்பதற்கு முன் நின்று ஒருமுறை தலை குனிகிறார்கள். இங்கே பெரிய தோரி சாலையில் இருப்பதால் நடைபாதையிலேயே நின்று குனிந்தால் போதும். படம் எடுக்க நடுச்சாலைக்கு இறங்காதீர்கள். சிவப்பு விளக்கு விழும் சில வினாடிகளில் ஓடிப்போய் நிற்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும்.

அடுத்து ஓதென்மோன் என்ற இரண்டடுக்குச் செந்நிற வாயில். இங்கேயும் ஒருமுறை குனியுங்கள். பாதையின் நட்டநடுவில் நடக்காமல் ஓரமாக நடப்பது வழக்கம். நடுப்பாதை தெய்வம் வருவதற்கு. கூட்டத்தில் யாரும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. ஆனாலும் உள்ளூர் முதியவர்கள் எவ்வளவு அவசரத்திலும் ஓரத்தைப் பிடித்துத்தான் போவார்கள்.

காலணியைக் கழற்ற வேண்டாம். நம்மவர்களின் கால்கள் வாயிலைக் கண்டதும் தாமாகவே செருப்பைத் தேடி நிற்கும். என் அத்தை வாசல் ஓரத்தில் செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு, கூரான சரளையில் பத்தடி நடந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பி வந்தார். சாதாரண வணக்கத்துக்குக் காலணியோடுதான் போகிறார்கள். கட்டணம் செலுத்தி உள்ளே அழைத்துச் செய்யும் தனி வேண்டுதலுக்கும், கழற்றச் சொல்லிப் பலகை வைத்த இடத்துக்கும் மட்டும் கழற்றினால் போதும்.

இன்னொன்று. வீட்டில் இறப்பு நேர்ந்தால் ஐம்பது நாள் வரை ஷிந்தோ ஆலயத்துக்குப் போகாமல் இருப்பது ஜப்பானிய வழக்கம். நம் தீட்டுக் கணக்குக்கு நெருங்கிய உறவு இது. வெளிநாட்டவரை யாரும் கேட்கப்போவதில்லை. தெரிந்துகொண்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

5. கை கழுவுதல்: ஒரே அகப்பை நீரில்

வணங்குவதற்கு முன் உடலையும் மனத்தையும் தூய்மை செய்துகொள்வதாகப் பொருள். முழு வேலையும் ஒரே அகப்பை நீரில் முடிய வேண்டும். இதைத்தான் அதிகம் பேர் தவறாகச் செய்கிறார்கள் என்பதால் அசைவு அசைவாகச் சொல்கிறேன்.

வலது கையால் அகப்பையை எடுத்து நிறைய மொண்டுகொள்ளுங்கள். சிறிது நீரை இடது கையில் ஊற்றுங்கள். அகப்பையை இடது கைக்கு மாற்றி வலது கையில் ஊற்றுங்கள். மறுபடி வலது கைக்கு மாற்றி, இடது உள்ளங்கையைக் குவித்து அதில் சிறிது வாங்கி, அந்த நீரால் வாயைக் கொப்பளித்துத் தொட்டிக்கு வெளியே, தரையோரம் தாழ்ந்து துப்புங்கள். இடது கையை இன்னொருமுறை நனையுங்கள். கடைசியாக அகப்பையைச் செங்குத்தாக நிமிர்த்துங்கள். மிச்ச நீர் கைப்பிடி வழியே இறங்கி, நீங்கள் பிடித்த இடத்தை அடுத்தவருக்காகக் கழுவிவிடும். கவிழ்த்து வைத்துவிடுங்கள்.

வாயை அகப்பையில் வைத்து உறிஞ்சக் கூடாது. கொப்பளிக்க மனமில்லையென்றால் அந்தப் படியை விட்டுவிடலாம். ஊற்றிய நீர் தொட்டிக்குள் திரும்ப விழக் கூடாது. பெரியப்பா ஒருவர், கோயில் குளத்தில் செய்வதுபோலக் காலை நீட்டி இரண்டு அகப்பை ஊற்றிக்கொண்டார். அவர் தவறு என்று சொல்லவும் மனம் வரவில்லை. அருகே நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. இங்கே கால் கழுவும் வழக்கம் இல்லை.

கொரோனாவுக்குப் பிறகு சில ஆலயங்களில் அகப்பையை எடுத்துவிட்டு, மூங்கில் குழாயில் நீர் ஓடவிட்டார்கள். அப்படியிருந்தால் கைகளை நீட்டி நனைத்துக்கொண்டால் போதும்.

6. தைகொக்குதென் முன்னால் வணங்குவது

வாயிலைத் தாண்டினால் மிகப் பெரிய வெண் சரளை முற்றம். எதிரே வணக்க மண்டபமான தைகொக்குதென். அதன் முன்னே ஒரு பக்கம் செர்ரி, மறுபக்கம் தாச்சிபானா எனும் நாரத்தை வகை மரம். இங்கே உடனே கேமராவை எடுக்காதீர்கள். முற்றத்தின் வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரம் கழித்தும் அப்படியேதான் இருக்கும். காலியான வணக்க மேடைதான் இருக்காது.

“உள்ளே எந்தச் சாமி?” என்று எல்லோரும் கேட்பார்கள். பதில்: இரண்டு பேரரசர்கள். 794-இல் கியோட்டோவைத் தலைநகராக்கிய கன்முவும், 19-ஆம் நூற்றாண்டின் கோமெயும். சிலை இருக்காது. நம் வழக்கத்தில் தரிசனம் என்றால் கண்ணால் பார்ப்பது. அதனால் கழுத்தை நீட்டி இருட்டுக்குள் தேடுவோம், தடுப்பின் மேல் சாய்வோம். இங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, குனிவதுதான் வணக்கம். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் வந்தவர்களுக்கு ஏமாற்றம் இருக்காது.

செய்ய வேண்டியது: படியேறிக் காணிக்கைப் பெட்டிக்கு முன் நின்று நாணயத்தை மெதுவாக விடுங்கள், வீசாதீர்கள். இடுப்பிலிருந்து ஆழமாக இருமுறை குனியுங்கள். நெஞ்சளவில் கைகளைச் சேர்த்து இருமுறை தட்டுங்கள். தட்டும்போது வலது கை விரல்நுனி இடதைவிடச் சற்றே கீழே இருக்கும். பிறகு கைகளைச் சேர்த்தபடி மனத்துக்குள் வேண்டிக்கொள்ளுங்கள். கடைசியாக ஒருமுறை ஆழமாகக் குனிந்து, பக்கவாட்டில் விலகுங்கள்.

வேண்டுதல் இரண்டாவது தட்டலுக்குப் பிறகுதான். புதியவர்கள் முதல் குனிதலிலேயே வேண்டத் தொடங்கி, பிறகு கை தட்டுவதா வேண்டாமா என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள். தட்டுவது தயக்கமான தாளமாக இல்லாமல் காதில் விழும்படி இருக்கட்டும். இது ஷிந்தோ முறை. பௌத்தக் கோயில்களில் கை தட்டுவதில்லை. அதே நாளில் நான்சென்ஜிக்குப் போய் அங்கேயும் தட்டிவிடாதீர்கள்.

சாஷ்டாங்கமாக விழ வேண்டாம். சுற்றி வர வேண்டாம், பிரகாரம் கிடையாது. பூவும் தேங்காயும் கொண்டுவர வேண்டாம், வாங்கிவைக்க ஆள் இல்லை. உட்புறத்தைப் படம் எடுக்காதீர்கள். திருமண ஊர்வலம் எதிரே வந்தால் ஒதுங்கி நில்லுங்கள். மணமகளின் வெள்ளைத் தலைமறைப்புக்கு ஒரு சாண் தூரத்தில் போனை நீட்டுவது எந்த ஊரிலும் அழகல்ல.

7. தோட்டத்துக்குள்: திரும்ப வழி இல்லை

தைகொக்குதென்னைப் பார்த்து நின்றால் இடது பக்கம், அதாவது மேற்கே, தோட்டத்து நுழைவாயில். வெளிவாசல் கிழக்கே. தெற்கு, மேற்கு, நடு, கிழக்கு என்று நான்கு தோட்டங்கள், மொத்தம் ஏறத்தாழ 33,000 சதுர மீட்டர். கட்டடங்களைச் சுற்றி வளைத்து ஒரே பாதையில் அமைந்தவை. எதிர்த் திசையில் நடக்க முடியாது. வெளியே வந்தபின் அதே டிக்கெட்டில் திரும்பவும் விட மாட்டார்கள்.

அதனால் முதல் தோட்டத்திலேயே முழு நேரத்தையும் செலவழிக்காதீர்கள். அழகு கூடிக்கொண்டே போகும். கிழக்குத் தோட்டம்தான் உச்சம். ஒரு மணி நேரம் இருந்தால் தெற்குக்குப் பத்து நிமிடம், மேற்குக்குப் பத்து, நடுவுக்குப் பதினைந்து, மிச்சம் கிழக்குக்கு. ஏப்ரலில் மட்டும் இந்தக் கணக்கைத் திருப்பிப் போடலாம். மூங்கில் சட்டங்களின் மேல் படர்ந்து தொங்கும் செர்ரிக் கிளைகளின் அடியில் நடப்பது தெற்குத் தோட்டத்தில்தான். அங்கே குடையை மடக்கிவிடுங்கள். கிளையில் சிக்கும், பின்னால் வருபவரின் கண்ணிலும் குத்தும்.

தெற்குத் தோட்டத்தில் ஒரு பழைய டிராம் பெட்டி நிற்பதைப் பார்த்து வழி தவறிவிட்டோமோ என்று சிலர் திகைப்பார்கள். ஜப்பானில் முதன்முதலாக மின்சார டிராம் ஓடியது கியோட்டோவில், 1895-இல். இந்த ஆலயம் எழுந்ததும் அதே ஆண்டு. அந்த டிராம் நிறுவனத்தின் பெட்டிதான் இது.

மேற்குத் தோட்டத்தில் பியாக்கோ குளம். ஜூனில் கரையெல்லாம் ஐரிஸ், ஏறத்தாழ 200 வகை. குளத்தின் மேல் பலகைகளை வளைத்து வளைத்துப் போட்டு நடைபாலம் அமைப்பார்கள். அதன் மேல் நின்று முக்காலி விரிக்காதீர்கள். ஜூன் மழைக்காலம் என்று தயங்க வேண்டாம். தூறலில் ஐரிஸ் இதழ்களின் ஊதா அடர்ந்து தெரியும், கூட்டமும் பாதியாகும். குடையைவிட மழைக்கோட்டு வசதி. கோடையில் கொசு மருந்தும் வேண்டும்.

8. படிக்கற்களைக் கடப்பது

நடுத் தோட்டத்தின் சோரியூ குளத்தில் உருளை வடிவக் கற்கள் வளைந்த வரிசையில் நீரிலிருந்து தலைநீட்டுகின்றன. கார்யூக்யோ என்று பெயர், படுத்திருக்கும் டிராகன் என்ற பொருளில். 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்போதைய ஆட்சியாளர் தொயோதொமி ஹிதெயோஷி கட்டுவித்த சான்ஜோ, கோஜோ பாலங்களின் கல்தூண்களைத் துண்டாக்கி இப்படி நட்டவர் தோட்டக் கலைஞர் ஒகாவா ஜிஹெய், அந்தப் பரம்பரையில் ஏழாமவர். டிராகனின் முதுகில் ஏறி, குளத்தில் தெரியும் வானத்தின் மேல் போவதுபோல் இருக்க வேண்டும் என்பது அமைப்பின் நோக்கம்.

போவதற்கு முன் தோள்பையை முன்பக்கம் மாற்றுங்கள். முதுகுப் பை திரும்பும்போது எடையை இழுக்கும். போனைப் பைக்குள் போடுங்கள். ஒரு கல்லில் ஒருவர்தான். முன்னால் போனவர் இரண்டு கல் தாண்டிய பிறகு நீங்கள் கால் வையுங்கள். அவர் சட்டென்று நின்றால் உங்களுக்கு நிற்க இடம் வேண்டும். கல்லின் நடுவில் பாதத்தை வைத்து, அடுத்த கல்லைப் பார்த்து, பிறகு நகருங்கள். நீரைப் பார்க்க வேண்டுமென்றால் நின்று பாருங்கள், நடந்துகொண்டே பார்க்காதீர்கள்.

நடுக்கல்லில் நின்று திரும்பிச் சிரித்துப் படம் எடுத்துக்கொள்வதுதான் விழ வைக்கும் அசைவு. என் நண்பன் ஒருவன் அப்படித்தான் ஒரு காலை முழங்கால் வரை குளத்தில் விட்டான். படம் வேண்டுமென்றால் ஒருவர் கரையில் நின்று எடுங்கள். மழை பெய்திருந்தாலோ கையில் குழந்தை இருந்தாலோ கற்களை விட்டுவிட்டுக் கரைப் பாதையில் நடங்கள். குளம் அங்கிருந்தும் தெரியும்.

9. கிழக்குத் தோட்டத்தில் உட்காருங்கள்

பாதை வளைந்ததும் மரங்கள் விலகி, செய்ஹோ குளம் விரியும். அதன் குறுக்கே கூரை போட்ட மரப்பாலம், தாய்ஹெய்காக்கு. 1912-இல் கியோட்டோ அரண்மனையிலிருந்து இங்கே கொண்டுவந்தது. பின்னால் ஹிகாஷியாமா மலைகள். அவையும் இந்தக் காட்சியின் பகுதியாகவே தோட்டத்தைத் திட்டமிட்டிருக்கிறார்கள்.

முதலில் கரையிலிருந்து பாலத்தைப் பாருங்கள், பிறகு பாலத்தில் ஏறுங்கள். மாற்றிச் செய்தால் பாலம் முழுதாகத் தெரியும் இடத்தைக் கவனிக்காமல் தாண்டிவிடுவீர்கள். பாலத்தின் இருபக்கமும் நீள இருக்கைகள் உண்டு. அங்கே குறைந்தது பத்து நிமிடம் உட்காருங்கள். இவ்வளவு நேரமும் மிச்சம் பிடித்ததே இதற்குத்தான்.

மீன்களுக்குப் போட அங்கேயே தீனி விற்பார்கள். உங்கள் பையில் இருக்கும் முறுக்கைப் போடாதீர்கள். இந்தக் குளங்களின் நீர் பிவா ஏரியிலிருந்து கால்வாய் வழியாக வருவது. ஏரியில் ஏறக்குறைய அழிந்துபோன இச்சிமொன்ஜி-தானாகோ என்ற சிறு மீன், கால்வாய் வழியே வந்து இந்தக் குளத்தில் பிழைத்திருக்கிறது. தீனி விழும் சத்தம் கேட்டதும் முதலில் வருவதென்னவோ கொழுத்த கோய் மீன்கள்தான். அவற்றின் முதுகில் ஏறி ஆமைகளும் வந்து சேரும்.

10. கவுண்டர் வேலைகள், கடைசியில்

கிழக்கு வாசல் மறுபடி முற்றத்தில் கொண்டுவந்து விடும். இப்போது கேமராவை எடுங்கள், வாங்க வேண்டியதை வாங்குங்கள்.

கோஷுயின் என்பது தூரிகை எழுத்தும் செம்முத்திரையும் கொண்ட பதிவு. வணங்கியதற்கான சான்று அது, நினைவுப் பொருள் முத்திரை அல்ல. வணங்காமல் நேராக வந்து கேட்பதை மரியாதைக் குறைவாக நினைப்பார்கள். அதற்கென்றே விற்கும் மடிப்பேட்டைக் கொடுங்கள். பாஸ்போர்ட்டையோ நாட்குறிப்பையோ நீட்டாதீர்கள். பொதுவாக 300 முதல் 500 யென் வரை ஆகும், சில்லறையாகக் கொடுங்கள்.

ஒமிகுஜி, அதிர்ஷ்டச் சீட்டு: பெட்டியைக் குலுக்கிக் குச்சியில் வரும் எண்ணைச் சொன்னால் சீட்டு தருவார்கள். நல்ல பலன் வந்தால் எடுத்துப் போகலாம், கெட்டது வந்தால் கட்டிவிட்டுப் போகலாம். அதற்கென்று வைத்த சட்டத்தில் கட்டுங்கள், உயிருள்ள மரக்கிளையில் வேண்டாம், கிளை வாடிவிடும். ஒமாமோரி என்ற தாயத்துப் பையை வாங்கினால் பிரித்துப் பார்க்காதீர்கள். ஒரு வருடம் வைத்திருந்து ஆலயத்தில் திருப்பிக் கொடுப்பது முறை. ஊருக்கு எடுத்துப் போகிறவர்கள் குப்பையில் போடாமல் வைத்திருந்து, அடுத்த பயணத்தில் கொண்டுவரலாம்.

ஓதென்மோனைத் தாண்டியதும் தைகொக்குதென் பக்கம் திரும்பி ஒருமுறை குனியுங்கள். அநேகமாக மணி பத்தரை ஆகியிருக்கும், பேருந்துகள் வரிசையாக நிற்கும். திரும்பும்போதும் பஸ் வேண்டாம். ஹிகாஷியாமா நிலையத்துக்கே நடங்கள்.